துளைக் குழலா, காம்பன்சேட்டரா?

கைத்துப்பாக்கிக் குழலின் மேற்புறத்தில் துளையிடுவதும், முனையில் காம்பன்சேட்டர் என்னும் துளையுள்ள தனித் துண்டைப் பொருத்துவதும், வெடிவாயுவை மேல்நோக்கிச் செலுத்தி முனை எகிறுவதைத்தான் முதன்மையாகக் குறைக்கின்றன. உள்ளங்கையில் விழும் உதைப்பு சிறிதளவே தணிகிறது. துளைக் குழலில் குண்டு வெளியேறும் முன்பே வாயு பிரிவதால் வேகம் சற்றுக் குறையும், குறிபார்க்க உதவும் முன்குறியில் கரியும் படியும். காம்பன்சேட்டரில் குண்டு குழலைத் தாண்டிய பிறகே வாயு பிரிவதால் வேகம் குறையாது. அதன் எடையும் முனையைத் தாழ்த்திப் பிடிக்கும், ஆனால் நீளம் கூடுவதால் பழைய உறையில் அடங்காது.

ராணுவத்தில் பயிற்றுநராக இருந்து குன்னூரில் குடியேறிய என் சித்தப்பா, பனிமூட்டம் இறங்கிய மாலையில் மேலெழும் தீச்சுடர் கண்ணைக் கூசச் செய்து அடுத்த குறியைக் கெடுக்கும் என்பார். அது இரண்டுக்கும் பொருந்தும்.

9 மி.மீ. தோட்டாவின் அழுத்த வரம்பு 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்றால், நம் நாட்டு உரிமத்தில் கிடைக்கும் .32 ஏ.சி.பி. என்ற சிறிய தோட்டாவுக்கு 20,500 தான். வாயுவின் அழுத்தம் குறைவு என்பதால், அதில் இரண்டுமே பெரிதாகப் பலன் தரமாட்டா. இருந்தும் நான் காம்பன்சேட்டரையே சொல்வேன்: அதைக் கழற்றிவிடலாம், குழலில் இட்ட துளையை அடைக்க முடியாது.