முகப்புத் தரைக்கு எது: இடித்த வீட்டுப் பழைய டைலா, புதிய ஆத்தங்குடிக் கல்லா?

செட்டிநாட்டுப் பாணியில் புதிதாக வீடு கட்டுவோருக்குத் தரை என்று வரும்போது மூன்று வழிகள் இருக்கின்றன. இடிக்கப்பட்ட பழைய வீடுகளிலிருந்து பெயர்த்தெடுத்து, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு போன்ற இடங்களில் பழம்பொருள் கடைக்காரர்கள் விற்கும் சுட்ட களிமண் டைல்கள் ஒன்று. காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் இன்றும் கையால் வார்க்கப்படும் சிமெண்டுப் பூக்கற்கள் மற்றொன்று. அதே பூக்களை மேலே அச்சிட்டு வரும் விட்ரிஃபைடு டைல்கள் மூன்றாவது. மூன்றாவதற்குத் துடைத்தால் போதும் என்னும் வசதி உண்டு. ஆனால் ஒரே பூ ஒரே சாயலில் திரும்பத் திரும்ப வருவது வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால், நாங்கள் அதைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டோம். முகப்புக்கும் சமையலறையை ஒட்டிய பத்தி என்னும் தாழ்வாரத்துக்கும் பழைய டைல்களையும், படுக்கையறைகளுக்கு ஆத்தங்குடிக் கற்களையும் பதித்தோம். இரண்டும் காலடியில் இருப்பதால் சொல்கிறேன்: கைக்கு எட்டுமானால் பழையதையே வாங்கலாம்.

விலையில் ஆத்தங்குடியே குறைவு, வேண்டிய அளவும் கிடைக்கும், அதில் வாதமில்லை. அழகிலும் இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பகுதியில் மின்டன் போன்ற ஆலைகள் செய்து இங்கே வந்த பழைய டைல்களில், பூவின் குழிவுக்குள் வேறு நிறக் களிமண்ணை நிரப்பிச் சூளையில் சுட்டிருப்பார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். ஆக, இரண்டிலும் பூ வெறும் மேற்பூச்சு அன்று. சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருப்பது. தேய்மானத்தை வைத்து ஒன்றை உயர்த்திச் சொல்ல முடியாது.

முடிவைத் தீர்மானித்தது புளிப்புதான். சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அமிலம் அரிக்கும். சுட்ட களிமண்ணை எலுமிச்சையும் புளியும் ஒன்றும் செய்வதில்லை. இரண்டு கற்களையும் அருகருகே வைத்து, எலுமிச்சைச் சாற்றை ஒவ்வொரு சொட்டு விட்டு இரவு முழுக்க விட்டுவைத்தால், காலையில் ஆத்தங்குடிக் கல்லில் பளபளப்பு போன வெளிறிய வட்டம் ஒன்று நிற்கும். எத்தனை நாள் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் அது முழுதாக மறையாது. ரசம் சிந்தாத வீடும், ஊறுகாய் சொட்டாத பந்தியும் நம்மிடம் ஏது? அதைவிடப் பெரிய ஆபத்து, வேலை முடிந்த கையோடு தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவும் நம் ஊர் வழக்கம். ஒரு வாளி போதும், பூக்கல்லின் முகமே போய்விடும். பழைய டைலுக்கும் ஆசிட் ஆகாது, ஆனால் அங்கே கெடுவது பெரும்பாலும் இடுக்கில் உள்ள சாந்துதான். மேற்பூச்சில்லாத பழைய டைல் எண்ணெயை இழுக்கும் என்பது உண்மை. எங்கள் பத்தியில் விழுந்த கறைகள் சோப்புத் தண்ணீரில் தேய்க்கத் தேய்க்கப் போயின. இருபது வருடப் புழக்கத்துக்குப் பிறகு எப்படியிருக்கும் என்று எங்கள் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

வாங்கும்போது டைலின் முகத்தைவிட முதுகைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருந்தவை முழுதாகப் பெயர்ந்து வரும், ஒட்டியிருப்பதையும் நீரில் ஊறவைத்து உளியால் தட்டி எடுத்துவிடலாம். பிற்காலத்தில் சிமெண்டில் பதித்தவற்றைத் தட்டினால் சிமெண்டுக்கு முன்னால் டைல் உடையும். விரலால் சுண்டினால் ணங்கென்று கேட்க வேண்டும், சத்தம் மழுங்கினால் உள்ளே விரிசல் இருக்கலாம். சந்தேகமிருந்தால் நனைத்துப் பாருங்கள். காயும்போது விரிசல் மட்டும் கறுப்புக் கோடாகத் தங்கி நிற்கும். பளபளப்பான ஜப்பானிய டைல்களும் அதே கடைகளில் இருக்கும், ஆனால் புடைத்த பூவும் கண்ணாடிப் பூச்சும் கொண்ட அவை சுவருக்கானவை; தரைக்கு வேண்டாம்.

ஆறங்குல டைல் சதுர அடிக்கு நான்கு வேண்டும். இருநூறு சதுர அடி முகப்புக்கு எண்ணூறு, உடைவுக்குத் தனி. ஒரே பூவில் இத்தனை கிடைப்பது அரிது. நாங்கள் நடுவில் மட்டும் ஜமக்காளம் விரித்ததுபோல் பழையதைப் பதித்து, சுற்றிலும் பூவில்லாத சிவப்பு ஆத்தங்குடிக் கல்லால் கரை கட்டினோம். பழைய டைல்கள் கனத்தில் ஒன்றுக்கொன்று சற்று மாறுவதால், கொத்தனார் ஒவ்வொன்றுக்கும் கலவையைக் கூட்டிக் குறைத்துத்தான் மட்டம் பார்க்க வேண்டும். கூலி அதற்கேற்ப ஏறும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. உடைந்தால் மாற்றுவதிலும் ஆத்தங்குடி முந்துகிறது: அச்சு இருந்தால் அதே பூவை மறுபடி வார்த்துத் தருவார்கள், நிறம் சற்று முன்பின் இருந்தாலும் புழங்கப் புழங்கப் பழையதோடு ஒத்துவரும். பழைய டைலுக்கு அந்த வழி கிடையாது. ஆகவே வாங்கும் அன்றே பத்துக்கு ஒன்று கூடுதலாக எடுத்து, மச்சில் அடுக்கிவைத்துவிட வேண்டும்.