டிஸ்க் பிரேக் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கவனிக்கவும்: பிரேக் ஒயிலில் என்னை ஏமாற்றிய கதை

மலையகத்தில் மவுண்டன் பைக் ஓட்டுகிற தம்பிமாரும், கடன் வாங்கியாவது அவர்களுக்கு சைக்கிள் எடுத்துக் கொடுத்த அப்பா அம்மாமாரும் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். என் வலது மணிக்கட்டில் இன்னும் கட்டு இருக்கிறது. இடது கையால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நெடுந்தூரப் போட்டியில் ஓடினேன். தலவாக்கலையில் தொடங்கி நானுஓயா வழியாக நுவரெலியா ஏறி, லபுக்கலை, றம்பொடை என்று இறங்கி, தவலந்தென்னையில் திரும்பித் தலவாக்கலைக்கே வர வேண்டும். கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். தார் ரோடு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கல் பெயர்ந்து கிடக்கும் தோட்டத்து ரோடு. நுவரெலியா டவுனே 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறிச் சேரும்போதே தொடை இரண்டும் கல்லாகிவிடும். ஆனால் ஏறுவதற்குக் கால் மட்டும் இருந்தால் போதும், இறங்குவதற்கு பிரேக் வேண்டும். றம்பொடைப் பக்கம் முடக்குக்கு (வளைவுக்கு) மேல் முடக்கு. பனி மூடினால் அடுத்த முடக்கு பத்தடி தூரத்தில்தான் தெரியும்.

அது தெரிந்துதான் மூன்று வாரம் முன்பே கண்டியில் ஒரு கடையில் சைக்கிளைக் கொடுத்தேன். பிரேக்கில் காற்றெடுத்துப் புது ஒயில் விடவும், முன்னும் பின்னும் பேட் மாற்றவும், பின் ரிம்மில் இருந்த கோட்டத்தை எடுக்கவும் சொன்னேன். என்னுடையது ஷிமானோ ஹைட்ரோலிக் பிரேக், அதாவது ஒயில் அழுத்தத்தில் பிடிக்கிற பிரேக். "மினரல் ஒயில்தானே அண்ணா போடுவீங்க?" என்று வாய்விட்டே கேட்டேன். "ஒரிஜினல் ஒயில்தான் தம்பி, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றார். 14,500 ரூபா கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுத் தாளில் 'ஃபுல் சேர்விஸ்' என்று எழுதி நீட்டினார். என்ன ஒயில், என்ன பேட், ஒன்றும் அதில் இல்லை.

முதல் வாரம் பிரேக் நன்றாகவே பிடித்தது. அப்புறம் லீவர் கொஞ்சம் இறுக்கமாகி, விட்டாலும் மெதுவாகத் திரும்பியது. புது பேட் பழகுகிறது என்று நினைத்துவிட்டேன். போட்டியன்று நானுஓயா ஏற்றத்தில் முன் வீல் உரசிக்கொண்டே வந்தது. பேட் டிஸ்க்கை விடவே இல்லை. அப்போதே நின்றிருக்க வேண்டும். லபுக்கலை தாண்டி ஒரு தோட்டத்து ரோட்டில் இறங்கும்போது முன் லீவர் ஒரேயடியாக ஹேண்டில் வரை போய்ப் படுத்துவிட்டது. பின் பிரேக்கை மட்டும் பிடித்து இரண்டு முடக்கு தப்பினேன். மூன்றாவதில் சைக்கிளோடு ரோட்டோரக் கானுக்குள் (வடிகாலுக்குள்) போனேன்.

தேயிலைச் செடிதான் என் தலையைக் காப்பாற்றியது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் ஓடிவந்து தூக்கி, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து என் கையில் சுற்றினார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் காயம் கழுவினார்கள். போட்டி நடத்தியவர்கள் அம்புலன்ஸ் கூடவே வரும் என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். ஒரு அம்புலன்ஸையும் காணவில்லை. ஒரு அக்காவின் மகன் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போட்டி நடத்தியவர்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பிறகு ஹட்டனில் சைக்கிள் வேலை தெரிந்த ஒரு நண்பர் பிரேக்கைக் கழற்றினார். உள்ளே இருந்தது கார், மோட்டார் சைக்கிளுக்கு விடுகிற டொட் ஒயில். ஷிமானோ பிரேக்கின் ரப்பர் சீல் மினரல் ஒயிலுக்கென்றே செய்தது. டொட் ஒயில் பட்டால் அது ஊதி உப்பிவிடும். பேடைத் தள்ளுகிற பிஸ்டன் திரும்பி வராது, நாள் போகப் போக சீல் கெட்டு ஒயில் கசியும். எனக்கு நடந்தது அப்படியே இதுதான். பேடும் புதிது இல்லை, பழைய பேடையே தேய்த்துச் சுத்தம் பண்ணிப் போட்டிருந்தார்கள். சில வகை பிரேக்குக்கு டொட் ஒயில்தான் விட வேண்டும் என்பதும் உண்மை. ஆகவே உங்கள் பிரேக் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் லீவரின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

நண்பர் காட்டிய சோதனை லேசானது. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு துளி ஒயிலை விடுங்கள். மினரல் ஒயில் மேலே மிதக்கும், டொட் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். ஷிமானோவின் ஒயில் சிவப்புச் சாயலில் இருக்கும், அதையும் பாருங்கள். கடையில் போத்தலை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பேடைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் ஒயிலின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

கையில் கட்டோடு கடைக்குப் போனேன். "ரேஸ் ஓடினா விழத்தானே செய்வாங்க" என்றார். ஒயிலைக் காட்டினேன், அது நாங்கள் விட்டதில்லை என்றார். அந்தத் துண்டுத் தாளை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிப்பது? ஆனாலும் 1977 என்ற நம்பருக்கு அடித்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். இரண்டு பக்க பிரேக்கும் புதிதாக வாங்க வேண்டும். அந்தக் காசு என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

எங்கள் தோட்டத்துப் பணியக் கணக்கில் (கீழ்ப் பிரிவில்) இரண்டு பையன்கள் அதே கடையில்தான் சேர்விஸ் செய்தார்கள். நேற்று அவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். ஒருவனுடையது மிதந்தது. மற்றவனுடையது கரைந்து போனது. அவனுக்குப் பதினாறு வயது, தினமும் மேட்டு லயத்திலிருந்து (வரிசை வீட்டிலிருந்து) ஸ்டோர், அதாவது தேயிலை ஃபெக்டரி வரை இறக்கத்தில்தான் வருகிறான். அவன் சைக்கிளை என் வீட்டிலேயே பூட்டி வைத்திருக்கிறேன்.