ஃபார்மட் அடிக்கக் கொடுப்பதற்கு முன் எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள்

என் தங்கை போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். போன மாதம் அவள் லேப்டாப்பில் குரோமில் எதைத் தேடினாலும், மேலே முகவரியில் தெரியாத பெயர்கள் இரண்டு மூன்று மின்னி மறைந்து, முன்பின் பார்த்திராத ஒரு தேடல் பக்கத்தில் போய் நின்றது. எங்கே தொட்டாலும் புது டேபில் ‘உங்களுக்கு ஐபோன் பரிசு’.

பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையில் கொடுத்தோம். “வைரஸ் உள்ள வரைக்கும் போயிருச்சுக்கா, ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்” என்றார். 1,200 ரூபாய். பேக்கப் எடுத்துத் தருகிறேன் என்றவர், டி டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டார். இரண்டு வருடமாக அவள் டைப் செய்து வைத்த நோட்ஸ் மொத்தமும் போனது. வீட்டுக்கு வந்து குரோமில் கூகுள் கணக்கைப் போட்டதும், சற்று நேரத்தில் அதே ஐபோன் பரிசு! திரும்பப் போனால் ஹார்ட் டிஸ்கையே மாற்ற வேண்டும், 3,500 ஆகும் என்கிறார்.

அப்புறம்தான் நானே உட்கார்ந்து பார்த்தேன். குரோமில் வலப்பக்கம் மேலே புதிர்த்துண்டு மாதிரி ஒரு குறி இருக்கும். அதை அழுத்தினால் எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமோடு கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல்களின் பட்டியல் வரும். விண்ணப்பத்துக்காகப் பிடிஎஃப் அளவைக் குறைக்க அவள் எப்போதோ போட்ட ஒன்று அதில் இருந்தது. எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி! கூகுள் கணக்கில் உள்ளதை எல்லாக் கருவிக்கும் கொண்டுவரும் ‘சிங்க்’ வசதி ஆனில் இருந்தால் எக்ஸ்டென்ஷனும் கணக்கோடு சேர்ந்தே வரும். விண்டோஸை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் திரும்ப இறங்கிவிடும். இதைப் பார்க்காமலே ஹார்ட் டிஸ்குக்கு விலை சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதை நீக்கிவிட்டு, குரோம் செட்டிங்ஸில் ரீசெட் கொடுத்தேன். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அதில் அழியாது, பயப்பட வேண்டாம். நோட்டிஃபிகேஷன் அனுமதி வாங்கியிருந்த தெரியாத தளங்களையும் எடுத்தேன். அந்த எக்ஸ்டென்ஷன் எதையெல்லாம் படித்ததோ என்று, மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை என் போனிலிருந்து மாற்றினோம். உங்களுக்குப் பணமே போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பைசா செலவும் இல்லை. கடைக்காரர் 1,200-ஐத் திருப்பித் தர மறுக்கிறார். தங்கை நோட்ஸை முதலிலிருந்து டைப் செய்துகொண்டிருக்கிறாள்.