குடியை நிறுத்தப் போன இடத்தில் செல்போன் ஸ்டாண்டு வைத்திருந்தார்கள்

மதுரையில் குடியை நிறுத்த குரூப் மீட்டிங் நடத்துகிறோம் என்று சொன்ன ஓர் இடத்தில் 7,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மற்றதைப் பொறுக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அரசு மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். "ஏ.ஏ. மீட்டிங் போங்க, விட்டுடாதீங்க" என்றும் சொன்னார். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடிப் பேசுகிற அமைப்பு. எங்கே நடக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஆட்டோவின் பின்னால் "ஏ.ஏ. முறையில் குடிமீட்பு" என்று நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அந்த நம்பருக்குப் போன் போட்டுவிட்டேன்.

மாடியில் ஒரு ஹால். வாசலிலேயே மேசை போட்டு, பெயர், ஆதார் ஜெராக்ஸ், வேலை பார்க்கிற இடம் எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டார்கள். பதிவுக்கு 2,500, மூலிகைப் பொடிக்கு 5,000. என் மனைவி சீட்டுப் பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தாள். ரசீது அடுத்த வாரம் என்றார்கள். சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டைக் காட்டி, "ஏ.ஏ.லயே நமக்குக் கொடுத்தது" என்றார் நடத்துகிறவர். நம்பினோம்.

என் முறை வந்தபோது எழுந்து பேசினேன். மகளின் ஸ்கூல் பீஸை எடுத்துக்கொண்டு டாஸ்மாக் போன கதையை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன், அவள் பெயரையும் சொல்லி அழுதேன். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் ஒரு செல்போன் என்னைப் பார்த்து நின்றது. கேட்டதற்கு, "நம்ம ரெக்கார்டுக்குத்தான் தம்பி" என்றார்.

அதோடு, இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். இரண்டாம் நாள் ராத்திரி டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது, பனியன் வியர்வையில் நனைந்துவிட்டது. மனைவிதான் ஆட்டோ பிடித்து மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும் என்று டாக்டர் திட்டினார். பொடியையும் தூக்கிப் போடச் சொன்னார். சிகிச்சைக்கு வராத ஆட்களுக்குச் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம் என்று அந்த ஆள் என் மனைவியிடம் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் டாக்டர் முகமே மாறிவிட்டது. குடியை நிறுத்துவதற்குக் கொடுக்கிற டைசல்பிராம் என்று ஒரு மருந்து உண்டாம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தியும் படபடப்பும் வரும், ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாத மருந்து அது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியை எந்த தைரியத்தில் சோற்றில் கலக்கச் சொல்கிறார்கள்?

மூன்று வாரம் கழித்து, கூட வேலை பார்க்கிற ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவருடைய போனைக் காட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம். அதில் நான் அழுகிறேன், என் மகள் பெயர் காதில் விழுகிறது, கீழே அவர்கள் நம்பர். போன் பண்ணிக் கேட்டேன். "பாரத்துல கையெழுத்துப் போட்டீங்கள்ல?" என்று கட் செய்துவிட்டார்கள். என் மகள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

உண்மையான ஏ.ஏ. மீட்டிங்கை ஆஸ்பத்திரி கவுன்சிலரிடம் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அறை. சின்னப் பிள்ளைகள் பெஞ்சு, முழங்கால் மேசையில் இடிக்கும். ஊர் எது, வேலை எது என்று யாரும் கேட்கவில்லை. முடிவில் ஒரு துணிப்பை கை மாறி வந்தது. பத்து ரூபாயை எடுத்தபோது பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து, "முதல் தடவை வர்றவங்க போட வேண்டாம்ணே" என்றார். அந்தக் கை இன்னும் நினைவிருக்கிறது.

அங்கே ஒரு பெரியவர் நிதானமாக விளக்கினார். 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் குடியால் நொந்துபோன ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவைச் சிகிச்சை டாக்டரும் சந்தித்துப் பேசியதில் ஆரம்பித்தது இது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது. உறுப்பினர்கள் விருப்பப்பட்டுப் போடுவதில்தான் நடக்கிறது, வெளியார் நன்கொடையைக்கூட வாங்குவதில்லை. மருந்து கொடுப்பதோ டாக்டர் எழுதியதை நிறுத்தச் சொல்வதோ ஏ.ஏ.வின் வேலை இல்லை. அனானிமஸ் என்ற சொல்லே, வந்தவர் யார் என்பது வெளியே போகாது என்பதற்காகத்தான். குடிப்பவர்களின் வீட்டாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது.

ஆகவே பதிவுக் கட்டணம், ஆதார், பொடி, கேமரா, இதில் ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் என்றால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. என்னுடையதோ, என்னைப் போல வேறு யாருடையதோ உங்கள் போனுக்கு வந்தால், தயவுசெய்து பார்வர்டு செய்யாமல் அழித்துவிடுங்கள்.