வோலோஸ் சிப்புரோ கடைகள்: மெனுவை மூடிவைத்துச் சாப்பிட வேண்டிய இடம்

கிரேக்கக் கடலோரச் சாப்பாடு என்றதும் பலர் சாண்டோரினிக்கோ மிக்கோனோஸுக்கோ கப்பல் ஏறுகிறார்கள். சாப்பாடுதான் நோக்கம் என்றால் ஏதென்ஸிலிருந்து வடக்கே சுமார் 330 கி.மீ. தள்ளி, பகாசிட்டிக் வளைகுடாவின் கரையில் இருக்கும் வோலோஸ் துறைமுகத்துக்குப் போவது மேல். அங்குள்ள சிப்புராதிகோ எனப்படும் சிப்புரோ கடைகளைப் போன்ற நேர்மையான மதியச் சாப்பாடு அந்த நாட்டில் அரிது.

சிப்புரோ என்பது ஒயினுக்குப் பிழிந்தபின் மிஞ்சும் திராட்சைச் சக்கையைப் புளிக்கவைத்து வடிக்கும் சாராயம். வீரியம் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 1922-இல் ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கி) துரத்தப்பட்டு வந்த அகதிகள் வோலோஸை ஒட்டிய நேயா இயோனியா பகுதியில் குடியேறினார்கள். குடியோடு சின்னச் சின்னத் தட்டாகக் கடல் உணவு வைக்கும் பழக்கம் அவர்களாலும் துறைமுகத் தொழிலாளர்களாலும் வேரூன்றியது. இன்றும் மதியம்தான் இதற்கான நேரம். இரவில் போனால் சமையலறையின் நல்ல சரக்கு பாதி தீர்ந்திருக்கும்.

உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி, சோம்பு மணம் ஏற்றியதா, ஏற்றாததா என்பதுதான். வேண்டுமென்றால் ‘மே’, வேண்டாமென்றால் ‘ஹோரிஸ்’ என்றால் போதும். சோம்பு மென்மையான மீனின் ருசியை அமுக்கிவிடும், அதனால் ‘ஹோரிஸ்’ பக்கமே என் ஓட்டு. சோம்பு போட்டதைக் கேட்டால் முதலில் தண்ணீரை ஊற்றி, பிறகு ஐஸ் போடுங்கள். சோம்பின் எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் தண்ணீர் பட்டதும் பால்போல் வெளுக்கிறது. ஐஸை நேராகப் போட்டால் திடீர்க் குளிரில் அந்த எண்ணெய் உறைந்து செதில் செதிலாக மிதக்கும்.

தனியாக உணவு ஆர்டர் செய்ய வேண்டியதில்லை. சின்ன பாட்டில், பெரும்பாலும் 50 மி.லி., ஆளுக்கு ஒன்று வரும். கூடவே மேசைக்கு மெசே எனப்படும் சின்னத் தட்டு உணவு வரும், அதன் விலை பாட்டிலிலேயே அடக்கம். அடுத்த சுற்று சொன்னால் வேறு தட்டு. என்ன வரும் என்பதைச் சமையலறை முடிவு செய்யும், சுற்று ஏற ஏறத் தட்டின் தரமும் ஏறும். முதலில் ஆலிவ், வினிகரில் ஊறிய நெத்திலி, ஊறுகாய் வகைகள். அடுத்து பொரித்த பொடிமீன், மட்டி. மூன்றாவது, நான்காவது சுற்றில்தான் இறால், கணவாய், சுட்ட ஆக்டோபஸ். ஒரு சுற்றோடு எழுந்துபோகிறவர்கள் ‘ஊறுகாய்தான் கொடுத்தார்கள்’ என்று குறைப்படுவது இதனால்தான்.

கடையை எடைபோட இரண்டாவது சுற்று போதும். உருளைக்கிழங்கு வறுவல் குவிந்திருந்தாலோ முதல் தட்டே திரும்பி வந்தாலோ பணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். எல்லாவற்றையும் ஒரே பெரிய தட்டில் குவித்துத் தரும் கடைகளையும் தவிர்க்கலாம், பொரித்தது ஆறி நமுத்துப்போகும். இதே தவறை நாமும் செய்யக்கூடாது. இரண்டு சுற்றைச் சேர்த்துச் சொல்லாமல், தட்டு முக்கால்வாசி காலியானதும் அடுத்ததைச் சொல்லுங்கள்.

ஆக்டோபஸைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அடித்தோ உறையவைத்தோ தசையைத் தளர்த்தி, வெயிலில் தொங்கவிட்டு ஈரம் வற்றியபின் கரியில் சுட்டது வெளியே லேசாகக் கருகி, உள்ளே மென்மையாக, கைகளிலுள்ள உறிஞ்சுகள் உதிராமல் இருக்கும். உறிஞ்சும் தோலும் கழன்று வந்தால் அளவுக்கு மீறி வேகவைத்திருக்கிறார்கள். ரப்பர்போல் இழுத்தால் தளர்த்தும் வேலையைத் தவிர்த்துவிட்டு நேராகக் கரியில் போட்டிருக்கிறார்கள்.

இந்த ஊருக்கே உரியது சிட்சிராவ்லா. ஊரை ஒட்டிய பெலியோன் மலையில் வசந்த காலத்தில் பறிக்கும் காட்டுப் பிஸ்தா மரத்தின் இளந்தளிரை வினிகரில் ஊறவைப்பார்கள். லேசான பிசின் வாசனையும் புளிப்புமாக, பொரித்த மீனுக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. மலைப் பக்கத்து ஸ்பெட்சோஃபாயும் (சாசேஜ், குடைமிளகாய், தக்காளி) நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வயிற்றை நிரப்பிவிடும்.

நெத்திலி, மத்திக்குக் கோடையும் இலையுதிர் காலமும் ஏற்றவை. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிவு வரை சுருக்குவலைப் படகுகளுக்குத் தடை என்பதால் அப்போது இவை குறைவு. மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறைய வைத்தது என்று பொருள், அடிக்குறிப்பைப் பாருங்கள். முழு மீன் கிலோ விலையில் வரும். சுடுவதற்கு முன்பே எடைபோட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் வோலோஸ் கரையில் செத்து ஒதுங்கிய மீன்கள் 2023 வெள்ளத்தில் பெருகிய கார்லா ஏரிப் பக்கமிருந்து கடலுக்கு வந்துவிட்ட நன்னீர் மீன்கள். இந்தக் கடைகளின் தட்டில் வருவது கடல் மீன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: ‘நிஸ்திசிமோ’, அதாவது விரத உணவு, என்று கேட்டால் இறாலும் ஆக்டோபஸும் வந்து நிற்கும். கிரேக்க விரதத்தில் சிப்பி, இறால், கணவாய்க்குத் தடையில்லை. ‘ஹோரிஸ் க்ரேயாஸ், ப்ஸாரி, தலஸ்ஸினா’ (இறைச்சி, மீன், கடலுணவு இல்லாமல்) என்று முதல் சுற்றுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஃபாவா பருப்பு மசியல், பெரிய அவரை, சுட்ட மிளகாய், பொரித்த சீஸ் கிடைக்கும். ஆனாலும் சைவர்களுக்கு மூன்றாவது சுற்றின் பெருமை தெரியப்போவதில்லை.

கூட்டம் பிடிக்காவிட்டால் சுமார் 7 கி.மீ. தள்ளி இருக்கும் அக்ரியா கிராமத்தில் கடலை ஒட்டியே மேசை போடுகிறார்கள். நகரப் பேருந்தில் போங்கள். கிரேக்கத்தில் வாகனம் ஓட்டுகிறவருக்குப் பொதுவாக ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, இரண்டு சுற்றிலேயே அதைத் தாண்டிவிடலாம்.