ஹெர்-2வா, இஜிஎஃப்ஆரா: முதல் காசு எதற்கு?

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பேத்தாலஜி லேபில் வேலை பார்த்தபோது இந்தத் தேர்வு என் தலையில் விழுந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 என்ற மூன்று புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் பணம் மிஞ்சியது. இஜிஎஃப்ஆர் என்ற இன்னொரு புரதத்தைக் காட்டும் ஆன்டிபாடி (அந்தப் புரதத்தில் ஒட்டிச் சாயம் பிடிக்க வைப்பது) வாங்குவதா, இருக்கிற ஹெர்-2 சோதனையைச் சரிப்படுத்துவதா?

இரண்டும் ஒரே குடும்பத்து வளர்ச்சிக் காரணி ஏற்பிகள்தான், அதாவது செல்லை வளரச் சொல்லும் புரதங்கள். இஜிஎஃப்ஆர் பக்கமும் நியாயம் உண்டு. நைஜீரியா, செனகல் பெண்கள் 507 பேரின் கட்டிகளைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வில், கால் பங்குக்கு மேல் 'பேசல்' எனப்படும் வகை. மூன்றும் நெகட்டிவான கட்டியில் இஜிஎஃப்ஆரோ சைட்டோகெராட்டின் 5/6 என்ற புரதமோ சாயம் பிடித்தால் அந்த வகை. (எத்தியோப்பியாவில் இந்த மூன்று நெகட்டிவ் கட்டிகள் கானாவை விடக் குறைவு, ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது.) ஆனால் இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது அதே கீமோதான். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அதையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து இருக்கிறது. 2015 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உண்டு. அந்தப் பாசிட்டிவைத் தவறவிட்டால் மருந்து அவளுக்கு இல்லாமலே போகும்.

தவறவிடுவது எங்கே என்றால், பெரும்பாலும் திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலினில். வெட்டி எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு 10 சதவீத பஃபர் ஃபார்மலினுக்குள் போக வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். எங்களுக்கு முழு மார்பகமே கீறாமல் ஒரு வாளியில் வரும், சில சமயம் மறுநாள். அறுத்தால் ஓரம் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும். நடுவில் கொழகொழவென்று சிவப்பு. அப்படி ஒரு கட்டியின் ஸ்லைடில் ஓரத்துச் செல்களைச் சுற்றி மட்டும் கோழிவலை போலப் பழுப்புக் கோடு (ஹெர்-2 பாசிட்டிவ்), உள்ளே போகப் போக வெறும் நீலம் (நெகட்டிவ் போலத் தெரியும்). நடுப்பகுதியை மட்டும் எடுத்திருந்தால் 'மூன்றும் நெகட்டிவ்' என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஈஆருக்காவது பக்கத்தில் இருக்கும் நல்ல பால்நாளம் சாட்சி சொல்லும்: அதிலும் சாயம் ஏறவில்லையென்றால் திசு கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படலாம். ஹெர்-2வுக்கு அந்தச் சாட்சி இல்லை, ஏனென்றால் நல்ல நாளத்தில் அது வலுவாகப் பிடிக்கவே பிடிக்காது. கூடவே ஓட்டும் கன்ட்ரோல் திசு (பாசிட்டிவ் என்று ஏற்கெனவே தெரிந்தது) ஒழுங்காக ஊறியது. அது ஆன்டிபாடி வேலை செய்கிறது என்று சொல்லுமே தவிர, இந்தத் திசுவைப் பற்றி எதுவும் சொல்லாது. அதனால் ஈஆர் ஸ்லைடில் நாளம் வெறுமையாக இருந்தால் ஹெர்-2 நெகட்டிவையும் நம்பாமல் நிறுத்திவைக்கப் பழகினோம்.

பணம் பஃபர் ஃபார்மலினுக்கும், வெட்டிய நேரம் எழுதும் லேபிளுக்கும், ஊசி பயாப்சிக்கும் போனது. மெல்லிய துண்டு சீக்கிரம் ஊறும். அப்புறம், ஹெர்-2 மதிப்பெண் 2+ என்று பாசிட்டிவா நெகட்டிவா தெரியாமல் இழுபறியில் நிற்பவற்றை ஃபிஷ் சோதனைக்கு (ஹெர்-2 மரபணு நகல்களை எண்ணுவது) வெளியே அனுப்பினோம்; அதில் என் அனுபவம் கைவிரல் எண்ணிக்கைதான்.

திசு பதப்படுத்துவது ஏற்கெனவே சரியாக நடக்கிற லேப், ஆராய்ச்சியும் செய்கிறது என்றால் இஜிஎஃப்ஆர் வாங்கலாம். அப்போதும் தனியாக வேண்டாம், சைட்டோகெராட்டின் 5/6-ஓடு சேர்த்து வாங்குங்கள்.