பார்கின்சனுக்கு 'பக்கவிளைவே இல்லாத' மூலிகை கேப்சூல்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டில் பார்கின்சனோ (நடுக்குவாதம்) அல்சைமரோ (மறதி நோய்) உள்ளவர்கள் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கல்யாண மண்டபத்தில் 'இலவச மூளை நரம்பு மூலிகை முகாம்' என்று நோட்டீஸ் ஒட்டி, வந்தவர்களின் நம்பரை வாங்கிக்கொண்டு, அப்புறம் போனில் விடாமல் துரத்தி கேப்சூல் விற்கும் கூட்டம் ஒன்று டெல்டா பக்கம் சுற்றுகிறது. கும்பகோணத்தில் அவர்களிடம் மாட்டிய என் அப்பா, கடைசியில் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தார். பணம் போனது இரண்டாம் பட்சம்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, இவர்கள் பெயர் மாற்றும் வேகத்துக்குப் பெயரைச் சொல்லியும் பிரயோஜனமில்லை. பேச்சை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பார்கின்சனுக்காகச் சில வருஷமாக லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை, ஒரு நாளைக்கு நான்கு வேளை. நேரம் தப்பாமல் போட்டால் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார், கடைத்தெரு வரை போய் வருவார். மருந்தின் வேகம் அடங்கும் நேரத்தில் மட்டும் கால் நகராது. முகாமுக்கு அவரையும் அம்மாவையும் கூட்டிப்போனது சித்தப்பா. அங்கே வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் நாடி பார்த்துவிட்டு, "அய்யா, மூளை நரம்புல அழுக்கு சேர்ந்திருக்கு. மூணு மாசத்துல நடுக்கம் வேரோட போயிடும்" என்றாராம். கோர்ஸ் 18,600 ரூபாய். பில் கேட்டதற்கு டெலிவரி சலான் என்று ஒரு துண்டுச்சீட்டு.

டப்பாவில் மூளைக்குள் இலை முளைத்த மாதிரி படம். பூனைக்காலி விதை, அமுக்கரா, வல்லாரை, நீர்ப்பிரமி, மஞ்சள் என்று பட்டியல். எது எவ்வளவு என்று கிடையாது. கேப்சூல் ஒன்று 500 மில்லிகிராம், அவ்வளவுதான். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் லேபிளில் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். இதில் இருந்ததோ உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண். காகிதத்தில் சாப்பாட்டுச் சாமான்; விற்கிறவன் வாயில் மட்டும் மருந்து.

இதில் கொடுமை என்னவென்றால், முதல் வாரம் அப்பாவுக்கு நிஜமாகவே நன்றாக இருந்தது. வேகமாக நடந்தார். சித்தப்பா உறவுக்காரர்களுக்கெல்லாம் வீடியோ அனுப்பினார். அடுத்த சில நாளில் சாயங்காலமானால் தலையும் தோளும் தானாக நெளிய ஆரம்பித்தன. ராத்திரி எழுந்து உட்கார்ந்து, "கொல்லையில ஆள் நிக்குறாங்கடா, உள்ள வந்து உட்காரச் சொல்லு" என்றார். கொல்லையில் யாருமில்லை. அவர்களுடைய 'கவுன்சிலர்' பெண்ணுக்குப் போன் போட்டேன். "கெட்ட நீர் வெளியேறுது சார், குணமாகுறதுக்கு அறிகுறி" என்றார். அதோடு விடவில்லை. அம்மாவைத் தனியாகப் போனில் அழைத்து, "இங்கிலீஷ் மருந்தோட சேர்த்துக் குடுக்குறதாலதான்மா இப்படி, அதை நிறுத்திடுங்க, இது வெறும் மூலிகை, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லியிருக்கிறார். அம்மா நிறுத்திவிட்டார். அடுத்த சில நாளில் அப்பாவுக்கு உடம்பு மரக்கட்டையாக விறைத்தது, காய்ச்சல் ஏறியது, எச்சில்கூட விழுங்க முடியவில்லை.

நடந்தது என்ன என்பதை நரம்பியல் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்காகவே போட்டுக் காட்டினார். பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபாவேதான். அப்பாவின் மாத்திரையில் இருக்கும் அதே பொருள். 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரனும் ராமஸ்வாமியும் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். விதைப்பொடியில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு இருக்கும். கேப்சூல் முழுக்கப் பூனைக்காலியே என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஆறு கேப்சூலில் 150 மில்லிகிராம். சாறு இறுக்கிச் சேர்த்திருந்தால் இன்னும் கூடும். ஏற்கெனவே மாத்திரையில் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் லெவோடோபா எடுப்பவருக்கு யாருக்கும் தெரியாமல் இது கூடுதலாக ஏறியிருக்கிறது. முதல் வார நடையும் அதனால்தான். பின்னால் வந்த நெளிச்சலும் இல்லாத ஆட்கள் தெரிந்ததும் அதனால்தான்.

மாத்திரையை நிறுத்தியதும் கணக்கு தலைகீழானது. லெவோடோபா மூளைக்குப் போகும் முன் உடம்பிலேயே சிதைந்துவிடாமல் தடுப்பது கார்பிடோபா. அது கூட இருந்தால் தேவைப்படும் லெவோடோபா சுமார் முக்கால் பங்கு குறையும். விதையில் கார்பிடோபா கிடையாது. அதனால் அந்த 150 கிட்டத்தட்ட 40 மாதிரிதான் வேலை செய்யும். ஒரே அடியாக 400-இலிருந்து 40. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விறைப்பும் கடும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பது நரம்பியல் டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கவுன்சிலருக்குத் தெரியாது, அல்லது கவலையில்லை.

அவர்கள் கொடுத்த நோட்டீஸில் பொய்யைவிடப் பாதி உண்மைதான் அதிகம். பொலிவியாவில் பூனைக்காலிப் பொடி மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தது என்று போட்டிருந்தார்கள். உண்மைதான், 2017-இல் வெளியான ஆய்வு, 18 நோயாளிகள், ஒரு வேளை மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. அதே குழு மறு வருஷம் வெளியிட்ட 16 வார ஆய்வில், 14 பேரில் பாதிப்பேர் வயிற்று உபாதையாலும் நடமாட்டம் மோசமானதாலும் பாதியில் விலகினார்கள் என்பதைக் காணோம். மஞ்சள் அல்சைமரைத் தடுக்கும் என்று இன்னொரு கட்டம். மஞ்சளில் உள்ள குர்குமின் ரத்தத்தில் ஏறுவதே சொற்பம், அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் பலன் தெரியவில்லை. ஞாபகசக்திக்கு என்று விற்கப்படும் ஜிங்கோ மர இலைச் சாற்றை 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்து, மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008-இல் அமெரிக்காவில் முடிவு சொன்னார்கள்.

தாவரம் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அல்சைமருக்கு இன்று டாக்டர்கள் எழுதும் கேலன்டமின், பனித்துளிப் பூ வகையில் கண்டெடுத்த பொருள்தான். ஆனால் அதில் இத்தனை மில்லிகிராம் என்று அளவு உண்டு, வாந்தி வரலாம், நாடித்துடிப்பு குறையலாம் என்று மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கும், நோயை வேரோடு பிடுங்கும் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் தெருவில் இருக்கும் சித்த மருத்துவரிடம் டப்பாவைக் காட்டியபோது முதலில் கோபப்பட்டவர் அவர்தான். "நடுக்குவாதத்துக்கு நாங்களும் பூனைக்காலி கொடுக்கிறோம். ஆனா வேற என்ன மாத்திரை ஓடுதுன்னு கேட்காம எப்படித் தம்பி கொடுப்பான்?" என்றார்.

புகார் விஷயம். மூளை நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். ஆனால் மருந்துப் பக்கம் போனால் 'இது உணவுப் பொருள்' என்கிறார்கள், உணவுப் பக்கம் போனால் 'நோய் குணமாகும் என்று சொன்னது மருந்து சமாசாரம்' என்கிறார்கள். இரண்டு பக்கமும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. விவரம் கேட்க நுகர்வோர் உதவி எண் 1915. நோட்டீஸ், சலான், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், போன் பதிவு எதையும் அழிக்காதீர்கள். எங்களுக்குக் கைகொடுப்பது அம்மாவின் போனில் தானாகப் பதிவான அந்தக் கவுன்சிலரின் பேச்சுதான்.

ஏற்கெனவே இப்படி ஏதாவது கொடுத்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்த வேகத்தில் கேப்சூலையும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதிலும் லெவோடோபா இருக்கலாம். பார்க்கும் டாக்டரிடம் உடனே சொல்லி, எதை எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள். டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கேசுவால்டியில் சித்தப்பா போனில் வைத்திருந்த படத்தில் முன்பக்க மூளையும் இலையும் மட்டும்தான் இருந்தது. பின்பக்கப் பட்டியலைத் தெரிந்துகொள்ள ஒருவர் வீட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று.